பள்ளிக்கூடத்தடியில் பிடிபட்ட கதை: பற்றுச்சீட்டில் வராத செலவுகள்

மகள் தரம் நான்கில் படிக்கிறாள். கணவர் கட்டாரில். காலையில் ஸ்கூட்டியில் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, எட்டரைக்குள் நான் வேலை செய்யும் இடத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் என்னைப் போல் எத்தனை தாய்மார் ஸ்கூட்டியில் பிள்ளை ஏற்றி இறக்குகிறார்கள் என்று பார்க்க விரும்பினால், ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் போய் நின்று பாருங்கள். அவர்களில் ஒருத்தியாகிய எனக்குப் போன வருடம் ஜூன் மாதம் நடந்ததைத்தான் எழுதுகிறேன். வெட்கத்தில் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் தனியே அலைந்தேன். கேட்டிருந்தால் பாதி அலைச்சல் மிஞ்சியிருக்கும்.

அன்று கொஞ்சம் பிந்திவிட்டது. இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டி முடித்த பிறகு, ஹெல்மெட் போட்டால் ரிப்பன் நசிந்துவிடும், வாசலில் நிற்கும் அக்காமார் பேர் எழுதிவிடுவார்கள் என்று மகள் சிணுங்கத் தொடங்கினாள். சரி, கிட்டத்தானே என்று சின்ன ஹெல்மெட்டை ஸ்கூட்டியின் முன் கொழுக்கியில் கொழுவி, அதற்குள் அவளுடைய தண்ணீர்ப் போத்தலையும் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். பள்ளிக்கூடத்துக்குச் சற்று முன்னால் பாதசாரிக் கடவை. அதற்கு முன் ஒரு வான் நின்றது. பிள்ளைகளை இறக்குகிறான், இனி ஐந்து நிமிடம் எடுப்பான் என்று நானே முடிவெடுத்து வலப்பக்கத்தால் விலத்தினேன். வான் நின்றது பிள்ளைகளை இறக்க இல்லை, கடக்கவிட. அதன் மூக்கைத் தாண்டியதும் எனக்கு நேரே ஒரு சின்னப் பொடியன், முதுகில் தன்னைவிடப் பெரிய புத்தகப்பை. பிறேக் பிடித்தேன். ஹெல்மெட்டுக்குள் இருந்த போத்தல் தெறித்து உருண்டு அவன் சப்பாத்தில் முட்டி நின்றது. அவனுக்கும் என் முன் சில்லுக்கும் இடையில் ஒரு முழம் இருக்கும். அவன் குனிந்து போத்தலை எடுத்து, மண்ணைத் தட்டி, என் கையில் தந்துவிட்டுப் போனான். விசில் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

இந்த இடத்தில் என்னை நியாயப்படுத்த ஒன்றும் இல்லை. கடவைக்கு முன் நிற்கும் வாகனத்தை விலத்தக் கூடாது என்று லைசென்ஸ் எடுக்கும்போது எல்லோரும்தான் படிக்கிறோம். ஏன் கூடாது என்பதை நான் அந்தப் பொடியனைக் கண்ட பிறகுதான் விளங்கிக்கொண்டேன். நிற்கிற வாகனம் பிள்ளையை எங்களிடமிருந்தும் எங்களைப் பிள்ளையிடமிருந்தும் மறைத்துவிடுகிறது. பெரிய ஆள் என்றால் தலையாவது தெரியும். தரம் ஒன்றுப் பிள்ளை வானின் சில்லு உயரம்தான்.

ஓரமாக நிற்பாட்டச் சொன்னார்கள். மகளின் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் நாலைந்து பேர் மெதுவாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். மகள் அழத் தொடங்கிவிட்டாள். தன் ஹெல்மெட்டால்தான் பிடித்தார்கள் என்று நினைத்து அவசரமாக அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், பட்டியைக்கூடப் பூட்டவில்லை. "மிஸ், லைசன், இன்சூரன்ஸ்" என்றார் பொலிஸ்காரர். லைசென்ஸ் இருந்தது. வாகன வரிப்பத்திரம் முன்னால் ஒட்டியிருந்தது. இன்சூரன்ஸ் கார்ட்டை இருக்கைக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுத்த பிறகுதான் பார்த்தேன், அது பழையது, திகதி முடிந்து மூன்று கிழமை. புதியதைக் கட்டி எடுத்துவிட்டேன், ஆனால் அது வீட்டு அலுமாரியில். "சேர், வீட்டில இருக்கு, பத்து நிமிசத்தில கொண்டு வாறன்" என்றேன். அவர் பேனையை எடுத்துவிட்டார். கடவையில் விலத்தியது, பின்னால் இருந்த பிள்ளைக்குத் தலைக்கவசம் இல்லாதது, காப்புறுதிப் பத்திரம் காட்டாதது என்று மூன்று. லைசென்ஸை வைத்துக்கொண்டு ஒரு தாளைத் தந்தார். படிவத்தில் தமிழ் இருந்தது, கையால் நிரப்பியது சிங்களத்தில். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. கைநடுக்கத்தில் எங்கே காட்டினாரோ அங்கே கையெழுத்து வைத்தேன்.

முதல் பிழை இதுதான். அவர் கோபமாக இருக்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். என்ன குற்றம் எழுதியிருக்கிறீர்கள், எங்கே போக வேண்டும், எத்தனையாம் திகதி என்ற மூன்று கேள்வியையும் கேட்டு, அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். நான் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, தண்டம்தானே, தபாலகத்தில் கட்டினால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

தபாலகத்துக்குப் போனது மூன்றாம் நாள், அரை நாள் லீவு போட்டு. வரிசையில் நின்று தாளை நீட்டினால் அங்கே இருந்த அக்கா ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது இஞ்ச கட்டுறது இல்லை தங்கச்சி, உங்களுக்குக் கோட்டுக்கு எழுதியிருக்கு." எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. ஆக, தாள் இரண்டு வகை. சின்னக் குற்றங்களுக்கு அந்த இடத்திலேயே எழுதும் தண்டச்சீட்டில் தொகை இருக்கும். அதை 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டி லைசென்ஸை வாங்கலாம். 14 நாள் தாண்டினால் 28 நாள் வரை இரட்டிப்பு, அதற்கும் மேல் போனால் நீதிமன்றம். தலைக்கவசம் ஒன்றோடு நின்றிருந்தால் என் கதை 1,000 ரூபாவோடும் ஒரு முத்திரையோடும் முடிந்திருக்கும். மற்றத் தாளில் தொகை இராது, நீதிமன்றத் திகதிதான் இருக்கும். உங்கள் கையில் இருப்பதில் தொகை இருக்கிறதா, திகதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு தாளுமே குறித்த நாள் வரைக்கும் தற்காலிக அனுமதிப்பத்திரமாகச் செல்லும் என்பதும் எனக்குத் தெரியாது. லைசென்ஸ் இல்லாமல் ஓடினால் ஆகக் குறைந்தது 25,000 ரூபா தண்டம் என்று எங்கேயோ கேட்ட பயத்தில், அந்தக் கிழமை நாலு நாள் மகளை ஓட்டோவில் அனுப்பினேன். ஒரு நாளைக்கு 500 ரூபா. தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டே செய்த வேலை அது. 2025 இல் சில இடங்களில் இந்தத் தண்டத்தைக் கோவ்பே என்ற அரசாங்க இணையக் கட்டண முறை வழியாகப் போனிலேயே கட்டும் முறையும் தொடங்கியது. அதுவும் தொகை எழுதிய சீட்டுக்குத்தான், வழக்குக்கு இல்லை.

இன்சூரன்ஸ் விசயத்தில் இன்னொரு பிழை விட்டேன். காப்புறுதியே இல்லாமல் ஓடுவதற்கும் ஆகக் குறைந்த தண்டம் அதே 25,000. என்னிடம் இருந்தது, காட்டத்தான் முடியவில்லை. அன்று பின்னேரமே புதிய கார்ட்டையும் ஒரு பிரதியையும் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். நான் போனது தபாலகத்தில் திருப்பி அனுப்பிய பிறகு. "கோப்பு அனுப்பியாச்சு, இனி ஐயாவிட்டக் காட்டுங்கோ" என்றார்கள். ஐயா என்றால் நீதவான். அந்தச் சொல்லைக் கேட்ட இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் யாரும் நீதிமன்றப் படி ஏறியதில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார். கணவரிடம் சொன்னால் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாமல் யோசித்துக்கொண்டே இருப்பார். மாமியிடம் சொன்னால் ஸ்கூட்டியை விற்கச் சொல்வா என்று நானே நினைத்துக்கொண்டேன். ஆகவே இருவருக்கும் சொல்லவில்லை.

இடையில் ஒருவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர், 5,000 ரூபா தந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமலே முடித்துத் தருவதாகச் சொன்னார். உண்மையைச் சொன்னால் ஒரு இரவு முழுக்க யோசித்தேன். நேர்மையால் இல்லை, பயத்தால்தான் விட்டேன். பிறகு நீதிமன்றத்தில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவின் மகன் அப்படி யாருக்கோ காசு கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்து, பிடியாணை வந்து நிற்பதைக் கேட்டேன். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டா கேட்க முடியும்?

வழக்கு நாள். எட்டரைக்கே போய்விட்டேன். பத்து மணிக்கு மேல்தான் தொடங்கியது. சாறி கட்டிப் போனேன், அது சரியான முடிவு. சேட்டுக் கையை மடித்து விட்டிருந்த ஒரு பெடியனை வாசலிலேயே இறக்கிவிடச் சொன்னார்கள். போனை நிறுத்தி வைக்க வேண்டும், ஆகவே நேரம் பார்க்கக் கையில் மணிக்கூடு இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம். போக்குவரத்து வழக்குகள் ஒன்றன் பின் ஒன்றாக வேகமாகப் போயின. ஒவ்வொரு பெயரையும் கூப்பிடுவார்கள், ஆள் கூண்டில் ஏறுவார், இரண்டு நிமிடம், இறங்குவார். நான் என் பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். வேலையிடத்தில், வங்கியில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் கணவரின் பெயர்தான் என் பெயருக்கு முன்னால். அதனால் அந்தப் பெயருக்காகக் காத்திருந்தேன். கூப்பிட்டது அப்பாவின் பெயரை.

லைசென்ஸ் நான் கலியாணத்துக்கு முன் எடுத்தது. அதில் அப்பாவின் பெயர். அப்பா போய்ப் பத்து வருடம். அந்த மண்டபத்தில் யாரோ ஒருவர் அவருடைய பெயரை உரத்துக் கூப்பிட்டதும், ஆ, அப்பாவின் பெயருள்ள யாரோ இருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குப் பின்னால் என் பெயர் வந்தது காதில் ஏறவே இல்லை. இரண்டு தரம் கூப்பிட்டு, கோப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். நாலைந்து வழக்கு போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எழும்பி ஓடி, அங்கே நின்ற பொலிஸ்காரரிடம் சொன்னேன். "இருங்க, கடைசியில திரும்பக் கூப்பிடுவம்" என்றார். அந்தக் கடைசி மத்தியானம் வரை வந்தது. அவ்வளவு நேரமும் பிடியாணை என்ற ஒரு சொல்தான் மண்டைக்குள். கலியாணம் முடித்த பெண்கள் தயவுசெய்து இப்போதே போய் உங்கள் லைசென்ஸில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்கள்.

கடைசியில் கூண்டில் ஏறினேன். குற்றங்களை வாசித்துவிட்டு, "சுற்றவாளியா, குற்றவாளியா?" என்று கேட்டார்கள். பதற்றத்தில் எனக்கு இரண்டும் ஒரே சொல்லாகக் கேட்டது. "ஓம்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. கொஞ்சம் மெதுவாக, செய்ததை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். கடவையும் ஹெல்மெட்டும் ஏற்றுக்கொள்கிறேன், இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சொல்லிக் கார்ட்டை நீட்டினேன். அதை வாங்கித் திகதி பார்த்து அந்தக் குற்றச்சாட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். பிறகு நீதவான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்கள் பிள்ளையும் அந்தப் பள்ளிக்கூடம்தானா? ஓம் என்றேன், இந்த முறை கேள்வி விளங்கி. இரண்டு குற்றத்துக்குமாக 8,500 ரூபா. சுற்றவாளி என்று சொன்னால் வழக்கு விளக்கத்துக்குப் போகும், இன்னும் தவணைகள் வரும். உண்மையில் செய்யாத குற்றம் என்றால் அப்படிச் சொல்லத்தான் வேண்டும், அதற்குச் சட்டத்தரணி ஒருவரைப் பிடிப்பதும் நல்லது. செய்தது தெரிந்தால் ஏற்றுக்கொண்டு முடிப்பதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

முடிந்தது என்று நினைத்தேன். கைப்பையில் 6,000 ரூபாதான். தண்டப்பணம் கட்டும் வரை வெளியே போக முடியாது என்றார்கள். சிறைக்காவலர் நின்ற பக்கத்து வாங்கில் இருக்கச் சொன்னார்கள். எனக்கு ஒரு பக்கம் கசிப்பு வழக்கில் வந்த ஒருவர், மறுபக்கம் என்னைப் போலவே காசு பற்றாத ஓட்டோக்கார அண்ணை. அவர்தான், "பயப்பிடாதேங்கோ தங்கச்சி, வீட்டில ஆருக்கும் சொல்லி எடுப்பியுங்கோ" என்றார். வீட்டில் யாருக்குச் சொல்ல? கடைசியில் பொலிஸ்காரரிடம் கேட்டு ஒரு நிமிடம் போனைத் திறந்து, கூட வேலை செய்யும் பிள்ளைக்கு அழைத்தேன். அவள் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வந்து 3,000 ரூபா தந்தாள். அந்த முக்கால் மணித்தியாலத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது. நீதிமன்றத்துக்குப் போனால், நீங்கள் நினைக்கும் தொகையைப் போல் இரண்டு மடங்கைத் தாளாக எடுத்துக்கொண்டு போங்கள். கட்டியதும் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள், அதைக் காட்டித்தான் லைசென்ஸை வாங்கினேன். எனக்கு அன்றே மூன்றரைக்குக் கிடைத்துவிட்டது. றப்பர் வளையம் போட்டுக் கோப்போடு கட்டியிருந்தார்கள்.

இரவு மகள் படுத்த பிறகு கணக்குப் பார்த்தேன். தண்டம் 8,500. ஒன்றரை நாள் சம்பளம் 3,000. அந்த மாதம் முழுவரவுக்குக் கிடைக்கும் படி 2,500 போனது. நீதிமன்றத்துக்குப் போய் வந்த ஓட்டோ 1,200. பயத்தில் விட்ட பள்ளிக்கூட ஓட்டோ 2,000. எல்லாமாக 17,200 ரூபா. பற்றுச்சீட்டில் இருப்பது ஏறத்தாழப் பாதி.

இதை முதன்முதலில் சொன்னது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அக்காவிடம். அவள் சிரித்துவிட்டுத் தன்னுடைய தண்டச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். பள்ளிக்கூடத்தடியில் எல்லையைவிட 15 கிலோமீற்றர் கூட ஓடியதற்கு 95 டொலர். அவர்களுடைய ஒன்ராரியோவில் பள்ளிக்கூடம் போன்ற இடங்களைச் சமூகப் பாதுகாப்பு வலயம் என்று பலகை போட்டு வைத்திருக்கிறார்கள், அதற்குள் வேகத் தண்டம் இரட்டிப்பு. வேறு வீதியில் ஒரு கிலோமீற்றருக்கு இரண்டரை டொலர், வலயத்துக்குள் ஐந்து. ஆகத் தண்டம் 75, அதற்கு மேல் பாதிக்கப்பட்டோர் நிதிக்கு 15, நீதிமன்றச் செலவு 5. வேறு வீதி என்றால் இதே வேகத்துக்கு எல்லாம் சேர்த்து 52.50 தான் வந்திருக்கும். "உங்களுக்கு அப்பிடி மேலதிகம் ஒண்டும் இல்லைத்தானே, தப்பினாய்" என்றாள். என் 17,200 ஐ வரிவரியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்களுக்கு எண்டாலும் சீட்டில அடிச்சுத் தாறாங்கள்" என்றாள்.

மகளின் ரிப்பன் பிரச்சினைக்கு வழி மிகச் சின்னது. ஹெல்மெட்டோடு கூட்டி வந்து, வாசலில் இறக்கிவிட்டு, அங்கே வைத்து ரிப்பன் கட்டுகிறேன். இரண்டு நிமிடம். அதற்காக வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் முன்னுக்கு வெளிக்கிடுகிறோம். வேறு இரண்டு தாய்மாரும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள், மதிலோரம் ஒரு சலூன் போல இருக்கும். இன்சூரன்ஸ் கார்ட் கட்டிய அன்றே இருக்கைக்குக் கீழே, பழையது அன்றே அடுப்பில். ஸ்கூட்டிக்கு ஊருக்குள் 50 தான் எல்லை என்றாலும் பள்ளிக்கூடத்தடியில் நான் இப்போது இருபதுக்கு மேல் போவதில்லை. பின்னால் ஹோர்ன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

மாமிக்கு நான் கடைசி வரை சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தலை நிமிராமலே கேட்டா: "அண்டைக்கு அந்தத் தண்டக் காசு எங்கால எடுத்தனீ?" எனக்குக் கைகால் ஓடவில்லை. பிடிபட்ட அன்று பத்து மணிக்கே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தாய் வந்து சொல்லிவிட்டாவாம். "சொல்லுவாய் எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனான். சீட்டுக்காசு 20,000 அலுமாரிக்குள்ளதானே பிள்ளை கிடந்தது" என்றா. புதிய இன்சூரன்ஸ் கார்ட் இருந்த அதே அலுமாரி.